அம்புக்குச் சம்பளம் உண்டா?

(பட்டிமன்றத் தலைப்பு: நாஜி ஜெர்மனியின் யூத இனப்படுகொலைக்குப் பெரிதும் காரணம் தலைவனின் வெறியா, ஊழியர்களின் கையெழுத்தா? ‘ஊழியர்களின் கையெழுத்தே’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், ‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்று சொல்லிவிட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐயா, நல்ல பழமொழிதான். ஆனால் அம்புக்கு மாதச் சம்பளம் கிடையாது. பதவி உயர்வு கிடையாது. பயணப்படி கேட்டு அம்பு பில் போடாது. நான் பேசப்போகிற ஆட்கள் இத்தனையும் வாங்கியவர்கள்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஹிட்லர் இல்லாமல் இது தொடங்கியிருக்காது. இன்னொரு உலகப் போர் மூண்டால் ஐரோப்பாவில் யூத இனமே அழியும் என்று 1939 ஜனவரி 30 அன்று நாடாளுமன்றத்தில் நின்று பேசியவன் அவன். அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் இந்தத் தலைப்பு கேட்பது யார் தொடங்கிவைத்தான் என்பதை அல்ல. ஏறக்குறைய 60 லட்சம் பேர் சாகும் அளவுக்கு அதை நடத்திக் கொடுத்தது யார் என்பதைத்தான்.

அவன் நாற்காலிக்கு வந்த கதையையே எடுத்துக்கொள்வோம். 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். அப்புறம் உலகப் பொருளாதாரம் சரிந்தது, வேலை போனது, முதல் உலகப் போரில் தோற்ற கோபத்துக்கு யூதர்களைக் காரணம் காட்டும் பேச்சு எடுபட்டது. 1932 ஜூலையில் 37 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் 33 ஆக இறங்கிவிட்டது. இறங்குமுகத்தில் இருந்தவனைக் கைதூக்கிவிட்டது யார்? முன்னாள் பிரதமர் பாப்பனும், அதிபர் ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்த பெரிய மனிதர்களும். இவனை நம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, 1933 ஜனவரி 30 அன்று பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மார்ச் 23 அன்று சர்வ அதிகாரத்தையும் அவனிடம் தூக்கிக் கொடுக்கும் சட்டம் வந்தபோது எதிர்த்து விழுந்தவை 94 வாக்குகள், அத்தனையும் சமூக ஜனநாயகக் கட்சியின் வாக்குகள். கம்யூனிஸ்டுகள் அதற்குள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். மற்ற கட்சிகள் எல்லாம் கை தூக்கின.

அடுத்த இரண்டே வாரத்தில், ஏப்ரல் 7 அன்று, யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. பக்கத்து மேசை காலியானது. காலியான மேசைக்கு ஆள் போட்டார்கள். வந்தவர் சந்தோஷமாக உட்கார்ந்தார்.

1935 செப்டம்பரில், யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள். நடுவர் அவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மேடையில் ‘ரத்தம், ரத்தம்’ என்று முழங்கினார்கள். ஆனால் யார் யூதர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த மருத்துவராலும் ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கடைசியில் தாத்தா பாட்டி நால்வரில் மூன்று பேர் யூத மதத்தைச் சேர்ந்தவர்களா என்று பார்த்தார்கள். அதற்கு ஆதாரம்? தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு! தூசி தட்டி, பக்கம் புரட்டி, நகல் எடுத்து, முத்திரை குத்திக் கொடுத்தவர்கள் ஊர்ப் பாதிரியார்களும் பதிவு அலுவலர்களும். அந்த நகல் இல்லாமல் ஹிட்லரால் அடுத்த தெருவில் இருக்கும் யூதர் யாரென்று கூடச் சொல்லியிருக்க முடியாது.

‘எல்லாரும் பயந்து செய்தார்கள், மறுத்தால் தலை போகும்’ என்று எதிரணியில் அம்மையார் உருக்கமாகப் பேசினார். சரி, மறுத்தவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்துவிடுவோம்.

விஷவாயுக் கொலை முதலில் யூதர்கள் மீது நடக்கவில்லை. மனநோயாளிகளும் மாற்றுத் திறனாளிகளும்தான் முதல் பலி. பெர்லினில் டீர்கார்ட்டன் தெரு 4ஆம் எண் வீட்டில் அலுவலகம் வைத்து நடத்தியதால் அதற்கு டி4 என்று பெயர். மருத்துவர்கள் படிவத்தைப் பார்த்தே சாவைக் குறித்தார்கள், நோயாளியைப் பார்க்கவில்லை. 1941 ஆகஸ்டுக்குள் 70,000 பேருக்கு மேல் கொன்றார்கள். பிராண்டன்பர்க் நகரில் லோத்தர் கிரைசிக் என்ற நீதிபதி இருந்தார். மனநல இல்லங்களில் இருந்தவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவல் பார்ப்பது அவருடைய நீதிமன்றம். தன் பொறுப்பில் இருந்தவர்களின் மரண அறிவிப்புகள் வரிசையாக மேசைக்கு வருவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். 1940இல் நீதி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். தன் அனுமதி இல்லாமல் யாரையும் இடம் மாற்றக் கூடாது என்று இல்லங்களுக்கு உத்தரவு போட்டார். அதோடு விட்டாரா? திட்டத்தின் பொறுப்பாளர் பூலர் மீது கொலைப் புகாரே கொடுத்தார். அமைச்சர் கூப்பிட்டு ஹிட்லர் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார். அது சட்டமாகாது என்றார் கிரைசிக். தலைவரின் விருப்பமே சட்டம் என்று ஏற்க முடியாவிட்டால் நீங்கள் நீதிபதியாக இருக்க முடியாது என்று பதில் வந்தது. அவரைத் தூக்கில் போட்டார்களா? இல்லை. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 1986 வரை உயிரோடு இருந்தார்.

இத்தனை பெரிய நாட்டில் இப்படிக் கேட்ட நீதிபதியாக நமக்குத் தெரிவது அவர் ஒருவரைத்தான்.

1941 ஆகஸ்டில் முன்ஸ்டர் நகரத்து ஆயர் காலன் பிரசங்க மேடையிலேயே இந்தக் கொலைகளைக் கண்டித்தார். அந்த மாதக் கடைசிக்குள் ஹிட்லர் விஷவாயுத் திட்டத்தை நிறுத்தச் சொன்னான். அப்புறமும் ஊசி போட்டும் பட்டினி போட்டும் ரகசியமாகக் கொன்றார்கள் என்பது உண்மை. ஆனால் எதிரணி வர்ணித்த அந்த அடங்காத வெறி, எதிர்ப்பைப் பார்த்ததும் ஒளிந்துகொண்டதா இல்லையா? யூதர்களுக்காக அந்த அளவுக்கு எந்த ஆயரும் அங்கே குரல் கொடுக்கவில்லை. டி4இல் தொழில் பழகியவர்கள் போலந்துக்குப் போனார்கள். ஹார்ட்ஹைம் கொலைக்கூடத்தில் வேலை பார்த்த ஸ்டாங்கல்தான் பிற்பாடு அங்கே யூதர்களைக் கொல்லவே நடத்திய ட்ரெப்ளிங்கா முகாமின் தளபதி.

துப்பாக்கி பிடித்தவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1942 ஜூலை 13, போலந்தில் யூசெஃபூவ் கிராமம். ஹாம்பர்க்கிலிருந்து வந்த ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101. பெரும்பாலும் நடுவயதுக் குடும்பஸ்தர்கள். மேஜர் டிராப் கண் கலங்கியபடியே உத்தரவைச் சொல்லிவிட்டு, முடியாது என்று நினைப்பவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். ஏறக்குறைய 500 பேரில் உடனே விலகியவர்கள் ஒரு டஜன் பேர் இருக்கலாம். நடுவில் சிலர் நழுவினார்கள். மற்றவர்கள் மாலை வரை சுட்டார்கள். செத்தவர்கள் சுமார் 1,500 பேர். விலகியவர்களுக்குத் தண்டனை? ஒன்றும் இல்லை. போருக்குப் பிறகு நடந்த வழக்குகளில், நிராயுதபாணியான யூதர்களைச் சுட மறுத்ததற்காக மரண தண்டனை பெற்ற ஒரே ஒருவனைக் காட்ட, குற்றவாளிகளின் வழக்கறிஞர்களால் முடியவில்லை.

அப்புறம் ரயில்வே. ஜெர்மன் ரயில்வே யூதர்களை முகாம்களுக்குச் சும்மா ஏற்றிப் போகவில்லை. மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டருக்கு 4 பிஃபெனிக் (ஜெர்மன் காசு). 10 வயதுக்குக் கீழே அரை டிக்கெட். 4 வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை, பாதி விலை. யூதர்களுக்குப் போவதற்கு மட்டும். காவலுக்குப் போன போலீசாருக்குப் போக வர டிக்கெட். ஏற்றியது பெரும்பாலும் சரக்குப் பெட்டியில், வாங்கியது பயணிகள் கட்டணம். பில், யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலையைக் கவனித்த அதிகாரி ஐக்மனின் அலுவலகத்துக்குப் போனது. கைக்குழந்தைக்குக் கட்டணம் வேண்டாம் என்று ஹிட்லரா வந்து கணக்குப் பார்த்தான்? வழக்கமான பயணிகளுக்கு இருந்த விதியையே எடுத்து, முகம் சுளிக்காமல் இதற்கும் பொருத்திய ஒரு குமாஸ்தா பார்த்தார்.

1942 ஜனவரி 20, வான்ஸே கூட்டத்தை எதிரணி தொடவே இல்லை. ஏன் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். அதில் ஹிட்லர் இல்லை! ஏரிக்கரை மாளிகையில் 15 பேர். உள்துறை, நீதி, வெளியுறவு என்று துறைத் துறையாக வந்த உயர் அதிகாரிகள். பாதிப் பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். சோவியத் மண்ணில் யூதர்களைச் சுட்டுக் கொல்வது ஆறு மாதத்துக்கு மேலாக நடந்துகொண்டிருந்தது. கீவ் நகருக்கு வெளியே பாபி யாரில் மட்டும் 1941 செப்டம்பரில் இரண்டே நாளில் 33,771 பேர். அதை ஐரோப்பா முழுக்க ஒழுங்குபடுத்தத்தான் இந்தக் கூட்டம். நாடு வாரியாகப் பட்டியல், மொத்தம் 1 கோடியே 10 லட்சம். சண்டையில் சேராத அயர்லாந்தின் 4,000 யூதர்களைக்கூட விடவில்லை. எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஆட்சேபம் என்று ஒரு வரி குறிப்பேட்டில் இல்லை.

வெறிதான் காரணம் என்றால், ஹிட்லரின் கை எட்டிய இடமெல்லாம் ஒரே முடிவு வந்திருக்க வேண்டும். வந்ததா? நெதர்லாந்தில் மக்கள்தொகைப் பதிவு படு சுத்தம். அதன் தலைமை அதிகாரி லென்ட்ஸ், போலி செய்யவே முடியாதபடி ஓர் அடையாள அட்டையை வடிவமைத்துப் பெருமைப்பட்டவர். யூதர் அட்டையில் பெரிதாக ‘ஜே’ முத்திரை. அங்கிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் மாண்டார்கள். ஆம்ஸ்டர்டாமின் எதிர்ப்பாளர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. 1943 மார்ச்சில் போலீஸ் உடையில் போய் அவர்கள் தகர்த்தது ஆயுதக் கிடங்கை அல்ல, பதிவேட்டு அலுவலகத்தை.

அதே ஆண்டு டென்மார்க். கைது நடக்கப்போகும் நாளை முன்கூட்டியே கசியவிட்டவர் டுக்விட்ஸ் என்ற ஜெர்மன் தூதரக அதிகாரி. டேனிஷ் மக்கள் மீன்பிடிப் படகுகளில் 7,000க்கும் மேற்பட்டவர்களை ஸ்வீடனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்வீடன் பக்கத்தில் இருந்தது, டென்மார்க்கில் ஜெர்மன் பிடி தளர்வாக இருந்தது என்று எதிரணி சொல்லும். சரி, அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் ஸ்வீடன் தானாக எழுந்து வந்து யாரையும் ஏற்றிக்கொள்ளவில்லையே?

அதுவும் போதாது என்றால் ஹங்கேரி. 1944 மே நடுவிலிருந்து எட்டு வாரத்தில் 4,30,000க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். ஐக்மன் கொண்டுவந்த ஆட்கள் சில நூறுகூட இருக்க மாட்டார்கள். வீடு வீடாகப் போய் இழுத்து வந்து பெட்டியில் அடைத்தது ஹங்கேரியின் சொந்த ஜெண்டார்ம் போலீஸ், அதாவது கிராமப்புறக் காவல் படை. ஜூலையில், வெளிநாட்டு நெருக்கடியில், அந்த நாட்டின் தலைவர் ஹோர்த்தி நிறுத்து என்றார். ரயில் நின்றது. ஹிட்லரின் வெறி அன்றைக்கு மட்டும் லீவில் போயிருந்ததா?

நடுவர் மணியைத் தொடுவது தெரிகிறது, ஒரு நிமிடம். நியூரம்பெர்க் சட்டங்களுக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதிய இருவரில் ஒருவர் ஹான்ஸ் குளோப்கே, உள்துறையின் சட்ட அதிகாரி. யூத ஆண்களின் பெயரோடு ‘இஸ்ரேல்’, பெண்களின் பெயரோடு ‘சாரா’ என்று கட்டாயம் சேர்க்கவைத்த 1938 விதியிலும் அவர் கை இருந்தது. அவர் நாஜிக் கட்சி உறுப்பினர்கூட இல்லை. ஹிட்லர் 1945 ஏப்ரலில் செத்தான். குளோப்கே 1953 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அலுவலகத்துக்கே தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றார்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லட்டும். கட்சியிலேயே சேராத அந்த மனிதரின் கையைப் பிடித்து எழுத வைத்தது யாருடைய வெறி? நன்றி, வணக்கம்.