கூட்டம் முதலில், லீவு அப்புறம்

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெரியோர்களே, ஆச்சிமார்களே, வணக்கம். தைப்பூசம் செழிப்பது அரசு விடுமுறையாலா, ஊர் வழக்கத்தாலா என்பது தலைப்பு. எங்கள் அணி ஊர் வழக்கத்தின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், 2021-இல் தமிழக அரசு பொது விடுமுறை விட்ட பிறகுதான் தைப்பூசத்துக்கு மவுசு வந்தது என்றார். கைதட்டலும் வாங்கினார். அண்ணே, அந்த அறிவிப்பை நிதானமாகப் படியுங்கள். மாவட்டங்களுக்குப் போனபோது மக்கள் கேட்டார்கள், இலங்கையிலும் மொரீஷியஸிலும் விடுமுறை உண்டு, அதனால் இங்கும் விடுகிறோம் என்பதுதான் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சொன்ன காரணம். கூட்டம் முதலில் வந்தது. லீவு அப்புறம் வந்தது.

அந்தக் கூட்டத்தைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். உப்பு விற்கப் பழனிக்குப் போன நகரத்தார் தொடங்கியது, நானூறு வருஷம் தாண்டியது என்று பெரியவர்கள் சொல்லும் நடை, இன்றும் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போகிறது. தார் ரோடு சூடேறும் முன் தூரத்தைக் கடக்க விடியுமுன்பே கிளம்புகிறார்கள். தோளில் சர்க்கரைக் காவடி. லாரிக்காரர் கண்ணில் பட முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர். உள்ளங்காலில் கொப்புளம், அதன்மேல் ஒரு துணிக்கட்டு. பழனி சேர்ந்ததும் மற்றவர்கள் பஸ் ஏறுவார்கள். நகரத்தார் காவடி திரும்பவும் நடந்தே ஊர் வரும். ஒரு நாள் லீவில் இது ஆகுமா? காரில் போய், மலையடிவாரத்தில் செல்ஃபி எடுத்து, ராத்திரி சீரியலுக்கு வீடு திரும்பலாம். நடுவர் சிரிக்கிறார், எங்கள் கணக்கில் ஒரு மார்க் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கூலி வேலை பார்ப்பவருக்கு லீவு உதவுமே என்றும் கேட்டார்கள். தினக்கூலிக்காரருக்கு ஏதுங்க அரசு விடுமுறை? வேலை இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் உதவுகிறது. அதை நான் மறுக்கவில்லை.

சரி, கொஞ்சம் கப்பலேறுவோம். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-இல் தெண்டாயுதபாணி கோயில் கட்டியவர்கள் நம் செட்டியார்கள்தான். அங்கே தைப்பூசம் பொது விடுமுறையாக இருந்தது. 1968-இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எதிரணிக் கணக்குப்படி விழா அன்றைக்கே படுத்திருக்க வேண்டுமே! இன்றும் முதல் நாள் வெள்ளி ரதம் புறப்படுகிறது. அந்த நாளுக்குச் செட்டிப் பூசம் என்றே பெயர். மறுநாள் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் வரிசையாக வருகின்றன. வேலைக்குப் போகிறவர்கள் சொந்த லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் காவடி எடுக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டார், முடிக்கிறேன். 2023-இல் தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அரசு தனியாக ஒரு லீவும் விட வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷம் குன்றக்குடியிலிருந்து ஒரு காவடியாவது குறைந்ததா? அடுத்துப் பேச வரும் எதிரணி ஆச்சி இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.