கிண்ணத்தில் மிச்சம் இருந்தால் என்ன?

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசையில் ஒரு குழந்தை அழுகிறது. அதன் அம்மா எழுந்து வெளியே போகப் பார்க்கிறார். உட்காருங்கள் அம்மா. குழந்தைகளைப் பற்றிய கூட்டத்தில் குழந்தை அழாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

"டாக்டர், இவன் ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான்." என்னிடம் வரும் பெற்றோரில் பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் அந்த 'இவன்' என் மேஜைமேல் ஏறி ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான். ஒன்றுமே சாப்பிடாத பிள்ளைக்கு இந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடும். முதல் வருடத்தில் மட்டும் 6 கிலோ. அடுத்த வருடம் முழுக்க ஏறுவது சுமார் 2 முதல் 2.5 கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? நாமோ பத்தாவது மாதத்தில் வழித்துச் சாப்பிட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, ஒன்றரை வயதுப் பிள்ளையின் பின்னால் கிண்ணத்தோடு ஓடுகிறோம். ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிடும், அடுத்த வேளை வாயை இறுக்கிக்கொள்ளும். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பாடு. எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். போனைக் காட்டினால் நாலு வாய் கூடுதலாக இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயிறு நிறைந்தது பிள்ளைக்கே தெரியாமல் போய்விடுகிறதே! புது உணவை ஒரு தடவை துப்பியதும் 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டாதீர்கள். பத்துத் தடவை துப்பிவிட்டுப் பதினோராவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடும் பிள்ளைகள் உண்டு.

இதில் இன்னொரு வம்பு. "சாப்பிடலைன்னா பாலாவது குடிக்கட்டும்" என்று நாளைக்கு ஒரு லிட்டர் வரை மாட்டுப்பால் கொடுக்கிறார்கள். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றைப் பால் அடைத்துக்கொள்ளும், சாப்பாடு இறங்காது, ரத்தசோகை வரும். ரத்தசோகை வந்தால் இருக்கிற கொஞ்சப் பசியும் போய்விடும். ஒரு வயதுக்கு மேல் அரை லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு முன் மாட்டுப்பாலைக் குடிக்கக் கொடுக்கவே வேண்டாம்.

சரி, கைக்குழந்தைக்கு வருவோம். அழுகிறது என்பதற்காகத் தாய்ப்பால் போதவில்லை என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். குழந்தையின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணியும். பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா? அப்படியானால் பால் போதுகிறது. ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயது வரை தேன் ஆகவே ஆகாது; பொட்டுலிசம் என்ற கடுமையான நோய் அதன் வழியாக வரலாம்.

பாலைக் கக்கிவிட்டுச் சிரிக்கும் குழந்தையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், துணியை மாற்றுங்கள். வாந்தி பச்சையாக வந்தால் உடனே ஆஸ்பத்திரி. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தாலும் அப்படித்தான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம் வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடியை, பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். கண்ணளவில் பாதிப் பாதியாகக் கலந்தால் உப்பின் அளவு மாறிவிடும். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்; வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். டாக்டர் எழுதிய துத்தநாக மருந்தை, போக்கு நின்றுவிட்டாலும் நிறுத்தாமல், மொத்தம் 10 முதல் 14 நாள் வரை முழுதாகக் கொடுத்து முடியுங்கள். கண் குழி விழுந்து, சிறுநீர் போகாமல், குழந்தை துவண்டு கிடந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். பின்வரிசைக் குழந்தை தூங்கிவிட்டது போலிருக்கிறது, கொஞ்சம் மெதுவாக.