வீரத்தைப் பாத்து எடுத்தாங்களா, ஜாதகத்தைப் பாத்து எடுத்தாங்களா?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். பிரிட்டிஷ் இந்திய ராணுவம் ஆள் எடுத்தது திறமையாலயா, பாகுபாட்டாலயான்னு தலைப்பு. எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? சீக்கியரும் கூர்க்காவும் நல்லா சண்டை போட்டாங்க, அதான் எடுத்தான், இதுல என்ன தப்புன்னாரு. அவங்க நல்லா சண்டை போட்டாங்கங்கறத இங்க யாருமே மறுக்கலைண்ணே. மத்தவன் போடலைன்னு எவன் முடிவு பண்ணான், அதான் கேள்வி.

1857 சிப்பாய்க் கலகத்துக்கு முன்னாடி கிழக்கிந்தியக் கம்பெனியோட வங்காளப் படையில பெரும்பாலும் அவத் (இன்னைக்கு உத்தரப் பிரதேசத்துல இருக்கு), பீகார் பக்கத்து பிராமணரும் ராஜபுத்திரரும்தான். சீக்கியரைத் தோக்கடிச்சு 1849ல பஞ்சாபைப் புடிச்சதுல அவங்களுக்குப் பெரிய பங்கு. எட்டே வருஷம், அதே ஆளுங்க வெள்ளைக்காரனுக்கு எதிரா துப்பாக்கியத் திருப்புனாங்க, சீக்கியர்கள் டெல்லியத் திரும்பப் புடிக்க அவனுக்குத் துணை நின்னாங்க. அப்புறம் பாத்தா பஞ்சாப்காரன் போர்க்குடி, மார்ஷியல் ரேஸ், அவத்காரன் லாயக்கில்ல! ரத்தம் எட்டு வருஷத்துல மாறிடுமா ஐயா? மாறுனது விசுவாசம், அதுக்கு வீரம்னு பேரு வச்சுக்கிட்டான்.

சரி நம்ம கதைக்கு வருவோம். 1881லேர்ந்து 85 வரைக்கும் மெட்ராஸ் படைக்குத் தளபதியா இருந்தவரு ராபர்ட்ஸ். தெற்கத்தியான் போருக்கு ஆக மாட்டான்ங்கறது அவரு கருத்து. பிறகு 93 வரை மொத்த இந்தியாவுக்கும் அவருதான் தளபதி, கேக்கணுமா? 10வது மெட்ராஸ் இன்ஃபன்ட்ரின்னு ஒரு பட்டாளம், அதுல இருந்த நம்மாளுங்களைக் கழட்டிட்டு கூர்க்காக்களைப் போட்டு நிரப்பி கடைசியில அதையே 10வது கூர்க்கா ரைஃபிள்ஸ்னு ஆக்கிட்டான். ஆனா மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற பொறியாளர் படைய மட்டும் கலைக்கல பாருங்க, பாலம் கட்ட ஆளு வேணும்ல!

மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஜாதகம் பாக்குற மாதிரி எந்த ஜில்லா, எந்த சாதி, எந்தக் கிளைன்னு ஆளெடுக்குற ஆபீசருக்குக் கையேடே போட்டுக் குடுத்தான். ஒரே மதத்துக்குள்ள கூட பிரிச்சான். மஜபி சீக்கியர்னு ஒடுக்கப்பட்டவங்க, ஜாட் சீக்கியர் இருக்கற பட்டாளத்துல அவங்களுக்கு இடம் கிடையாது, தனியா பயனியர் பட்டாளம், ரோடு வெட்டு, பள்ளம் தோண்டு. சாதி நம்ம ஊர் சரக்கு, ஒத்துக்கறேன், அதுக்கு அரசாங்க முத்திரை குத்துனது யாரு?

இதைவிடக் கொடுமை மகாராஷ்டிராவுல தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கப்பட்ட மகார்கள் கதை. 1818ல புனே பக்கத்துல கோரேகான்ல மராத்திய ஆட்சியாளர் பேஷ்வாவோட படைய எதிர்த்து கம்பெனிக்காக நின்னு செத்த மகார் சிப்பாய்ங்க பேரை அவனே தூண்ல பொறிச்சு வச்சான். மகார் சாதியில பொறந்த அம்பேத்கரோட அப்பா ராம்ஜியே அந்த ராணுவத்துல சுபேதார். அந்த மக்களுக்கு 1890கள்ல கதவைச் சாத்திட்டான். 1910ல மகார் தலைவர் சிவராம் ஜான்பா காம்ப்ளே, எங்களைத் திரும்பச் சேத்துக்கங்கன்னு லண்டனுக்கே மனு போட்டாரு, அசையல. முதல் உலகப்போர்ல ஆள் பத்தலைன்னதும் 1917ல 111வது மகார்ஸ்னு ஒரு பட்டாளம்! போர் முடிஞ்சது, 1921க்குள்ள கலைச்சாச்சு. அடுத்த போர் வந்துச்சு, 1941ல மறுபடி மகார் ரெஜிமென்ட்.

போர்க்குடின்னு தூக்கி வச்சவனையாவது சமமா நடத்துனானா? இருபது வருஷம் சர்வீஸ் போட்ட சுபேதார் மேஜர், நேத்து கப்பல்ல வந்து இறங்குன மீசை முளைக்காத லெப்டினன்டுக்கு சல்யூட் அடிக்கணும். வீரத்துக்கான உச்ச விருது விக்டோரியா கிராஸ், 1911 வரைக்கும் இந்திய சிப்பாய்க்குக் கிடையாது. இங்கிலாந்துல ஆபீசர் பயிற்சி குடுக்கற சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரில இந்தியனுக்கு இடம் குடுத்ததே 1918ல, அதுவும் வருஷத்துக்கு 10 பேரு. 1923ல எட்டு பட்டாளத்தை மட்டும் இந்திய ஆபீசருக்குன்னு ஒதுக்குனான், எதுக்கு? மத்த பட்டாளத்துல வெள்ளைக்காரன் கறுப்பனுக்குக் கீழ வேலை பாக்கற நிலைமை வந்துரக் கூடாதுல்ல!

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சுக்கறேன் ஐயா. அடுத்து பேச வர்ற எதிரணி தங்கச்சி ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் சொல்லிட்டு மிச்சத்தைப் பேசட்டும்: 1910ல மகாருக்கு இல்லாத வீரம் 1917ல எங்கேர்ந்தும்மா வந்துச்சு?