சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாளைக் காலை இனவெறிக்கு எதிராக நம் தெருவில் ஊர்வலமாக நடக்கப் போகிறோம். "நடந்து என்ன ஆகப் போகிறது?" என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் இதே கிழக்கு லண்டனில் நடந்த ஒரு பழைய ஊர்வலத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நம்மில் பலர் ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி ஆல்ட்கேட் ஈஸ்டில் இறங்குகிறவர்கள். அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. பெயர் அல்தாப் அலி பூங்கா. யாரோ ஒரு தலைவர் என்று நினைத்துக்கொண்டு பல வருடம் அதைக் கடந்து போயிருக்கிறேன்.

அவர் தலைவர் இல்லை. ஆயத்த ஆடைத் தொழிலாளி, வங்காளி இளைஞர். 1978 மே 4, உள்ளாட்சித் தேர்தல் நாள். வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துபோனவரை அந்தப் பூங்காவை ஒட்டிய ஆட்லர் தெருவில் மூன்று பையன்கள் தாக்கினார்கள். கத்திக்குத்தில் இறந்துபோனார். நம் வீட்டுப் பிள்ளைகள் இரவு வேலை முடிந்து வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

அப்போது பிரிக் லேன் முனையில் ஞாயிறுதோறும், குடியேறிகளை வெறுத்த நேஷனல் ஃப்ரண்ட் கட்சிக்காரர்கள் நின்று தங்கள் பத்திரிகையை விற்பார்கள். வங்காளிகளுக்கு அங்கே அடி வாங்குவது புதிதில்லை. "வந்த இடத்தில் வம்பு வேண்டாம்" என்று தலையைக் குனிந்து போவதே வழக்கமாக இருந்தது. நமக்கும் பழக்கமான பேச்சுதானே?

பத்தே நாளில், மே 14 அன்று, சுமார் 7,000 பேர் திரண்டார்கள். சவப்பெட்டிக்குப் பின்னால் பிரிக் லேனிலிருந்து ஹைட் பார்க், அங்கிருந்து பிரதமர் வீடு இருக்கும் டவுனிங் தெரு வரை நடந்தார்கள். "அல்தாப் அலியைக் கொன்றது யார்?" என்று ஒரு குரல் கேட்க, "இனவெறி!" என்று கூட்டம் பதில் சொன்னது. வங்காளிகள் மட்டும் நடந்திருந்தால் அது ஒரு சமூகத்தின் துக்கமாகவே முடிந்திருக்கும். வெள்ளைக்காரர்களும் கூட நடந்தார்கள். என் மனதில் நிற்பது அதுதான்.

அந்த வட்டாரத்துக்கு அது புதிதும் அல்ல. பூங்காவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கேபிள் தெரு. 1936 அக்டோபர் 4 அன்று பிரிட்டிஷ் பாசிஸ்ட் தலைவர் மோஸ்லியின் ஆட்கள் யூதர்கள் வாழ்ந்த தெருக்கள் வழியே அணிவகுக்க வந்தபோது, யூதர்களோடு ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்களும் சேர்ந்து வழியை மறித்தார்கள். போலீசாராலும் வழி திறக்க முடியவில்லை. அணிவகுப்பு திரும்பிப் போனது. பிரிக் லேனில் இன்று மசூதியாக இருக்கும் கட்டடம் 1743இல் பிரான்ஸிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டன்டுகளின் தேவாலயமாக எழுந்தது. பிறகு மெதடிஸ்டுகள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினர், அப்புறம் யூதர்கள், 1976இலிருந்து முஸ்லிம்கள். வந்தேறிகள் என்று ஏசப்பட்ட பலர் அடுத்தடுத்து அதே கூரையின் கீழ் கும்பிட்டிருக்கிறார்கள்.

சரி, ஊர்வலத்தால் உடனே எல்லாம் மாறியதா? இல்லை. அடுத்த மாதமே, ஜூன் 11 அன்று, ஒரு கும்பல் பிரிக் லேனில் புகுந்து கடைக் கண்ணாடிகளை உடைத்தது. ஆனால் இளைஞர்கள் இந்த முறை ஒதுங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பத்திரிகை விற்கும் முனைக்கு முன்னதாகவே போய் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். துணைக்கு மற்றவர்களும் போனார்கள். பூங்காவுக்கு அல்தாப் அலியின் பெயர் கிடைக்க 1998 ஆனது. இருபது வருடம்.

போன மாதம் நம் தெருவில் ஒரு சோமாலி அம்மாவின் முக்காட்டைப் பிடித்து இழுத்தார்கள். "நம்ம ஆள் இல்லையே" என்று நம்மில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அவரைத் திட்டவில்லை. அவரையும் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றார்.

காலை பத்து மணிக்கு நூலக வாசலில் கூடுகிறோம். அந்த அம்மா முன்வரிசையில் நடக்கிறார். மழை வரலாம், குடை எடுத்து வாருங்கள். இன்று வீட்டுக்குப் போகும் வழியில், இதுவரை பேசாத ஒரு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவர்களையும் கூப்பிடுங்கள்.