கடல் வெறுமையான பிறகு கேட்ட கேள்விகள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரையில், செயின்ட் ஷொட்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகள் கடலில் அலைந்துகொண்டிருந்தன. அவற்றில் 155 தமிழர்கள் இருந்தார்கள். அவர்களைக் கண்டு கரைசேர்க்க முதலில் வந்தவர் கஸ் டோல்ரன் என்ற மீன்பிடிக் கப்டன். பக்கத்தில் இருந்த மற்ற மீன்பிடிப் படகுகளும் வந்து சேர்ந்தன. இது நம் வீடுகளில் பலமுறை சொல்லிக் கேட்ட கதைதான். ஆனால் அந்த மீனவர்களுக்கு ஆறு வருடம் கழித்து என்ன நடந்தது என்பதை நம்மில் பலர் கேட்டதில்லை. இன்று அங்கிருந்துதான் தொடங்க விரும்புகிறேன்.

1992 ஜூலை 2ஆம் தேதி, மீன்வள அமைச்சர் ஜோன் கிறொஸ்பி வடபகுதிக் கொட் மீன்பிடியை நிறுத்துவதாக அறிவித்தார். ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போனது. ஐந்நூறு வருடமாக ஊர்களுக்குச் சோறு போட்ட மீன் அது. கரையோரத்தில் சிறு படகில் போனவர்கள் எண்பதுகளிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள்: மீன் குறைகிறது, வருகிற மீனும் சிறுத்துப்போய் வருகிறது என்று. ஆழ்கடலில் பெரிய இழுவைக் கப்பல்களுக்கோ பிடிபாடு நன்றாகவே இருந்தது. மிச்சமிருந்த மீன் கூட்டங்களை அவை தேடிப்போய்ப் பிடித்தன. அந்தக் கப்பல்களின் பிடிபாட்டையும் கணக்கில் எடுத்து, கடலில் இருக்கும் மீனை அமைச்சு உண்மையில் இருந்ததைவிடக் கூடுதலாக மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டின்படி வருடாவருடம் பிடிக்க அனுமதி கொடுத்தது.

இதில் என் மனதை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தடை வருவதற்குப் பதினெட்டு நாட்களுக்கு முன்புதான் ரியோ டி ஜெனீரோவில் பூமி உச்சிமாநாடு முடிந்திருந்தது. அதை நடத்திய செயலாளர் நாயகம் மொறிஸ் ஸ்ரோங் ஒரு கனடியர். நிலைபேறான அபிவிருத்தி, அதாவது நாளைய பிள்ளைகளின் பங்கை இன்றே தின்றுவிடாமல் வாழ்வது, என்று நம் அரசாங்கம் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தது. வீட்டிலோ கடல் ஏற்கனவே வெறுமையாகிவிட்டது.

அமைச்சின் மீன் கணக்கை யார் திருப்பிக் கேட்டிருக்க முடியும்? நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் இருக்கிறது, சரி. ஆனால் அங்கே ஒரு கேள்விக்கு அரை நிமிடம், பதிலுக்கு அரை நிமிடம். இருபது வருடத்தில் நடக்கிற அழிவை அரை நிமிடத்தில் கேட்க முடியாது. அதற்கு ஆவணங்களைத் திறந்து பார்க்க அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும். அவர் கண்டதை உட்கார்ந்து கேட்கிற குழுவும் வேண்டும்.

1994இல் மக்களவையின் சுற்றாடல் மற்றும் நிலைபேறான அபிவிருத்திக்கான நிலைக்குழு, இதற்கென்று தனி ஆணையாளர் ஒருவர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. குழு கேட்டது சுதந்திரமான தனிப் பதவி. அரசாங்கம் 1995இல் கொடுத்தது, அரசின் கணக்குகளைச் சோதிக்கிற கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலகத்துக்குள் ஒரு ஆணையாளரை. அதோடு, ஒவ்வொரு அமைச்சும் தன் நிலைபேறான அபிவிருத்தித் திட்டத்தை எழுதி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, சபையில் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தத் திட்டங்களின் முதல் தொகுதி 1997இல் வந்தது.

ஆனால் அந்தத் திட்டங்கள் ஏமாற்றம்தான். அமைச்சுகள் தங்களுக்கு வசதியானதை எழுதின. ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. முழு நாட்டுக்குமான திட்டமே இல்லாதபோது, ஒரு அமைச்சின் திட்டத்தை எதோடு ஒப்பிட்டு அளப்பது? தொடக்கத்தில் இருந்த வேகம் மங்கிவிட்டது என்று 2007இல் ஆணையாளர் அலுவலகமே அறிக்கை கொடுத்தது.

அப்புறம் நடந்தது எனக்கு இன்றும் நம்பிக்கை தருகிற ஒன்று. ரொறன்ரோவின் டொன் வலி மேற்குத் தொகுதி உறுப்பினர் ஜோன் கொட்ஃப்ரி, எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபடி ஒரு தனிநபர் சட்டமூலத்தை, அதாவது அரசாங்கம் அல்லாமல் ஒரு உறுப்பினரே முன்வைக்கிற சட்டமூலத்தை, கொண்டுவந்தார். அப்போது இருந்தது சிறுபான்மை அரசாங்கம். கட்சிகள் இணங்கினால்தான் எதுவும் நடக்கும். இணங்கின. கூட்டாட்சி நிலைபேறான அபிவிருத்திச் சட்டம் 2008 ஜூனில் சட்டமானது.

இந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் பெரிதாக இல்லை. அதன் பலம் நாட்களில் இருக்கிறது. அரசாங்கம் முழு நாட்டுக்குமான திட்டத்தின் வரைவை முதலில் வெளியிட வேண்டும். குறைந்தது 120 நாள் பொதுமக்களும் இரு சபைகளின் குழுக்களும் கருத்துச் சொல்லலாம். அந்த நாட்களிலேயே ஆணையாளர் வரைவைப் படித்து, இந்த இலக்கை அளக்க முடியுமா, எந்த வருடத்துக்குள் என்று எழுதியிருக்கிறதா என்று சொல்வார். பிறகு திட்டம் சபைக்கு வரும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை வரும். அந்த அறிக்கை நியாயமாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் ஆணையாளர் பார்ப்பார். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்திப் புள்ளி போடுவதற்கு வழி குறைகிறது.

2016இல் அதே நிலைக்குழு இந்தச் சட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. இது சுற்றாடலோடு நின்றுவிடுகிறது, மிகக் குறைந்த அரச அமைப்புகளைத்தான் கட்டுப்படுத்துகிறது என்றது. அதன் பிறகு 2019இல் திருத்தம் வந்தது. 2020 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்ததும், 26 அமைப்புகள் இருந்த இடத்தில் ஏறக்குறைய நூறு ஆயின.

மீனுக்குத் திரும்பி வருகிறேன். 2016 இலையுதிர் காலத்தில் அப்போதைய ஆணையாளர் ஜூலி கெல்ஃபண்ட் மீன்வள அமைச்சின் கோப்புகளைத் திறந்து பார்த்தார். மிக மோசமான நிலையில் இருந்த 15 மீன் இருப்புகளில் (ஒரு கடற்பகுதியில் வாழ்கிற ஒரு வகை மீன் கூட்டம்தான் ஓர் இருப்பு) 12க்கு மீட்புத் திட்டமே இல்லை. கொட் மீன் போய் 24 வருடம் கழித்தும் இதுதான் நிலை. அந்த எண்ணை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த எண் வெளியே வந்ததால்தான் கோபப்படவாவது முடிந்தது. 2019இல் மீன்வளச் சட்டம் திருத்தப்பட்டபோது, அருகிப்போன முக்கிய இருப்புகளுக்கு மீட்புத் திட்டம் சட்டக் கடமையானது. வடபகுதிக் கொட் மீன்பிடி 2024 ஜூனில், 32 வருடத்துக்குப் பிறகு, சிறு அளவில் மீண்டும் திறக்கப்பட்டது. அது சரியான முடிவா என்பதில் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆணையாளரை நியமிப்பவர் கணக்காய்வாளர் நாயகம், நாடாளுமன்றம் நேரடியாக அல்ல. 1994இல் குழு கேட்ட தனிப் பதவி இன்னும் கிடைக்கவில்லை. அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாவது, குழுவுக்கு நேரம் போதாது. 2024 நவம்பரில் ஆணையாளர் ஜெரி டிமார்கோ காலநிலைத் திட்டத்தில் 20 நடவடிக்கைகளைச் சோதித்து, 9 மட்டுமே சரியான பாதையில் இருக்கின்றன என்றார். 2030க்குள் கரிம வெளியேற்றத்தை 2005இன் அளவைவிட 40 வீதமாவது குறைக்க வேண்டிய நாடு, 2023 வரை குறைத்தது 8.5 வீதம். இதை மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். ஆனால் 2025 ஜனவரி 6இல் ஒத்திவைக்கப்பட்ட நாடாளுமன்றம், தேர்தலும் முடிந்து, மே 26இல்தான் கூடியது. அத்தனை மாதமும் குழுக்கள் இல்லை.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கிற ஒன்று. 1995இல் வந்த அதே சட்டத்தில் சுற்றாடல் மனு என்று ஓர் உரிமை இருக்கிறது. கனடாவில் வசிக்கிற யாரும் கணக்காய்வாளர் நாயகத்துக்குக் கடிதம் எழுதி, கூட்டாட்சி அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம். சட்டத்தரணி தேவையில்லை. கடிதம் அமைச்சரிடம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் அவர் எழுத்தில் பதில் தர வேண்டும். குப்பை எடுப்பது மாநகரசபையின் வேலை, அதை இங்கே கேட்க முடியாது. ஆனால் மீன், நச்சு இரசாயனம், தேசியப் பூங்கா எல்லாம் கூட்டாட்சி அரசின் பொறுப்பு. ஸ்காபரோவின் கிழக்கில் இருக்கிறவர்களுக்கு ரூஜ் தேசிய நகரப் பூங்கா நடந்து போகிற தூரம்தான். அங்கே ஓடுகிற ஆற்றைப் பற்றி, அங்கே வாழ்கிற உயிர்களைப் பற்றி உங்களுக்குக் கேள்வி இருந்தால், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளைகளையும் கூட இருத்தி எழுதுங்கள். "என்ன செய்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்காமல், "எந்த வருடத்துக்குள், எவ்வளவு, யார் அளக்கிறார்கள்?" என்று கேளுங்கள். கடிதம் அமைச்சரிடம் போய்ச் சேர்ந்த நாளையும் அதிலிருந்து 120ஆவது நாளையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.