தேர்வுப் பொத்தான் வேண்டாம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். படம், ஒலியோடு திரையில் படித்துச் செல்லும் விளையாட்டான காட்சி நாவலுக்குச் சுவை தருவது, வாசகர் தேர்வுக்கேற்பக் கிளை பிரியும் கதையா, ஒரே தடத்தில் ஓடும் கதையா என்பது தலைப்பு. ஒரே தடமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 1992-இல் சூப்பர் ஃபாமிகாம் என்ற விளையாட்டுக் கருவியில் வந்த 'ஓத்தோகிரிசோ' என்ற காட்சி நாவலிலிருந்து தொடங்கினார். வாசகர் முடிவெடுக்கக் கதை வளைவதுதான் இந்த வடிவத்தின் பிறவிக் குணம் என்றார். தேர்வு இல்லையென்றால் புத்தகமே படித்துவிடலாமே என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். நல்லது. டைப்-மூன் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'மஹோத்சுகாய் நோ யோரு'வை அவர் முன் வைக்கிறேன். எழுதியவர் கினோகோ நாசு. அதன் முதன்மைக் கதையில் ஒரு தேர்வுகூடக் கிடையாது.

கதை நடப்பது 1980-களின் இறுதியில். நாயகி அவோகோ ஒரு பள்ளி மாணவி. அக்காவுக்குப் போகவேண்டிய மந்திர வாரிசுரிமையைத் தாத்தா இவள் தலையில் கட்டிவிடுகிறார். குன்றின் மேலுள்ள மாளிகையில் ஆலிஸ் என்ற இளம் சூனியக்காரியோடு தங்கி, அவளிடமே வித்தை பயில்கிறாள். மந்திரத்தை வெளியாள் பார்த்துவிட்டால் அவரைக் கொன்றுவிட வேண்டும் என்பது அவர்கள் உலகின் விதி. பார்த்துவிடுகிறவனோ, மலையிலிருந்து வந்து அவள் பள்ளியிலேயே சேர்ந்த சோஜூரோ. நகர வாழ்க்கை எதுவும் புரியாத அப்பாவி.

அந்த நேரத்தில் திரையில் 'கொல்', 'விடு' என்று இரண்டு பொத்தான்கள் தோன்றினால்? நடுவர் அவர்களே, நீங்களும் நானும் நல்லவர்கள்தாம். ஆனாலும் முதல் வேலையாக ஆட்டத்தைச் சேமிப்போம். ஒரு முறை கொன்று பார்ப்போம், திரும்பி வந்து விட்டும் பார்ப்போம். அவளுடைய தடுமாற்றம் நமக்கு வேடிக்கையாகிவிடும். அவோகோவிடம் அப்படித் திரும்பி வரும் வசதி இல்லை. ஒரு சராசரிப் பெண்ணின் வாழ்க்கையை விட்டுவிட்டு வந்தவள் அவள். நமக்கும் பொத்தான் இல்லாததால்தான் அவளோடு சேர்ந்து தவிக்கிறோம்.

புத்தகம் போதாதா? போதாது. இங்கே வாக்கியங்கள் நம் விரலுக்குக் காத்திருந்து வருகின்றன. ஹிரோகாசு கோயாமாவின் ஓவியம் அவற்றோடு நெருங்குகிறது, விலகுகிறது, சாய்கிறது. பல கிளைகளுக்குப் பங்கு போட வேண்டிய உழைப்பை ஒரே தடத்தில் கொட்டியதால் வந்த செழிப்பு இது. 2022-இல் விளையாட்டுக் கன்சோல்களுக்குக் கொண்டுவந்தபோதும் குரல் சேர்த்தார்களே தவிர, முதன்மைக் கதையில் தேர்வைச் சேர்க்கவில்லை.

அதே நாசு 2004-இல் எழுதிய 'ஃபேட்/ஸ்டே நைட்' என்ற காட்சி நாவலில் மூன்று பாதைகள் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் முதல் பாதையை முடிக்காமல் இரண்டாவது திறக்காது, இரண்டாவதை முடிக்காமல் மூன்றாவது திறக்காது. வாசகர் கையில் கடிவாளத்தைக் கொடுத்ததுபோல் கொடுத்துவிட்டுக் குதிரையை ஆசிரியரே ஓட்டுகிறார். தவறாகத் தேர்ந்து கதாநாயகன் இறந்தால், ஏன் இறந்தாய் என்று விளக்க ஒரு கேலிக்காட்சி வேறு!

'மஹோத்சுகாய் நோ யோரு'வின் முதன்மைக் கதைக்கு வெளியே, குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் கூடுதல் அத்தியாயம் ஒன்றில் தேர்வுகள் இருப்பதை அடுத்துப் பேசுபவர் எடுத்துக்காட்டுவார். தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், நடுவர் அவர்களே. அது விளையாட்டுக்காகச் சேர்த்த அத்தியாயம். கதையை எங்கள் அணிக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.