பிறந்த வீடே!

நடுவர் ஐயாவுக்கும், கோவில் கொடை பார்க்க வந்திருக்கும் கயத்தாற்றுச் சொந்தங்களுக்கும் வணக்கம். சிவாஜி கணேசனை நடிகர் திலகம் ஆக்கியது பிறந்த வீடா, நாடகக் கொட்டகையா? நான் வீட்டுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி முடிக்கும்போது ஒரு குத்து குத்திவிட்டுப் போனார். "வீடு அவ்வளவு உசத்தி என்றால், அந்தச் சின்னப் பையன் நாடகக் கம்பெனியில் போய், எனக்கு அப்பா அம்மா இல்லை, நான் அனாதை என்று ஏன் சொன்னான்?" நீங்களும் கைதட்டினீர்கள். அவன் அப்படிச் சொன்னது உண்மைதான் தம்பி. ஆனால் நடிப்பு ஆசை அவனுக்கு எங்கே பிடித்தது என்பதை விட்டுவிட்டீர்களே!

விழுப்புரத்தில் பிறந்த பிள்ளை. அப்பா சின்னையா மன்றாயர் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். அம்மா ராஜாமணி அம்மாள் ஒற்றை ஆளாகப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அப்பா வெளியே வந்தபின் ஒருநாள் ஊரில் கூத்து. யார் கதை? நம்ம பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கதை!

வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குச் சின்னப் பையன்கள் வேண்டும். கணேசன் ஏறிவிட்டான். வேஷம் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தால் அப்பாவிடம் செம அடி. எதற்கு? கூத்தாடியதற்கா? இல்லை. ராத்திரி கண் விழித்ததற்கா? அதுவும் இல்லை. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் நின்றதற்கு! நம்ம ஊர் அப்பாவாக இருந்தால் எப்படிக் கேட்டிருப்பார்? "ஏலே, நான் அவன எதுத்து ஜெயிலுக்குப் போயிட்டு வந்திருக்கேன், நீ அவன் பக்கமால நின்ன?" அய்யா, வேஷம்தானே, விளையாட்டுத்தானே என்று அந்த அப்பா விடவில்லை. வேஷத்தில்கூட எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று கேட்ட வீடு அது! இதைச் சிவாஜியே சொல்லியிருக்கிறார்.

அந்த அடி வாங்கிய முதுகுதான் 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் கட்டபொம்மனாக வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது. கெய்ரோ பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியது. பட்டாளத்தில் நின்ற பையன் பக்கம் மாறி வந்துவிட்டான், அப்பா!

கொட்டகைக்கும் பங்கு உண்டு. அண்ணாவின் நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததைப் பார்த்துத்தான் பெரியார் 'சிவாஜி' என்று அழைத்தார். பெயர் கொட்டகை கொடுத்தது, சரி. ஆனால் 1799இல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட இந்தக் கயத்தாற்றில், சொந்தப் பணத்தில் இடம் வாங்கி, 1970இல் சிலை வைத்தாரே, அதை எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்? படம் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வசனம் இல்லை, கேமரா இல்லை. அங்கே நின்றது சின்னையா மன்றாயர் மகன்.

இப்போது அந்த 'அனாதை' விஷயத்துக்கு வருகிறேன். அம்மா உயிரோடு இருக்கும்போது இல்லை என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு எப்படி நெஞ்சு வரும்? அதைச் சொன்னால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தான். சொல்லிவிட்டான். அப்புறம் வருஷக் கணக்கில் கம்பெனிச் சாப்பாடு, ஊர் ஊராகப் பயணம். அந்த அம்மா அங்கே என்ன பாடுபட்டிருப்பாள்! இங்கே கொடைக்குப் பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்திருக்கிற பிள்ளைகளே, உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவள் சொல்ல மாட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டியாப்பா" என்பாள்.

தம்பி, அனாதை என்று சொன்ன அந்தப் பையன் வளர்ந்து, சம்பாதித்து, சென்னை தியாகராய நகரில் வீடு வாங்கினான். அண்ணன் தம்பி குடும்பம் எல்லாம் ஒன்றாக இருந்த வீடு. அந்த வீட்டுக்கு 'கலை இல்லம்' என்று வைத்திருக்கலாம், 'சிவாஜி இல்லம்' என்று வைத்திருக்கலாம். என்ன பெயர் வைத்தான் தெரியுமா?

'அன்னை இல்லம்'!

நடுவர் ஐயா, தீர்ப்பை அந்த வாசலில் நின்று சொல்லுங்கள்.